டெபியன் 13, ஆர்730 சர்வர்: 8 டிஸ்க்கில் 4 மட்டும் தெரிகிறது, 10ஜி போர்ட்டைக் காணவில்லை

ரேக்_42 கேட்டது:

வணக்கம் நண்பர்களே. டெல் பவர்எட்ஜ் ஆர்730 ஒன்றில் டெபியன் 13 போட வேண்டும். உள்ளே இருப்பவை: ஜியான் இ5-2680 வி4 இரண்டு, 16 ஜிபி ஆர்டிம் எட்டு, பெர்க் எச்730 மினி ரெய்டு கார்டு, பிசிஐ ஸ்லாட்டில் தனியாகச் செருகிய இன்டெல் எக்ஸ்520 இரண்டு போர்ட் 10ஜி நெட்வொர்க் கார்டு. முன்பக்கம் 1.2 டிபி எஸ்ஏஎஸ் டிஸ்க் எட்டு, ஓஎஸ்ஸுக்கு 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி இரண்டு. எட்டு எஸ்ஏஎஸ் டிஸ்க்கில் நான்கு ஒரு பழைய ஸ்டோரேஜ் அர்ரேயிலிருந்து (பல டிஸ்க் கொண்ட தனிச் சேமிப்புப் பெட்டி) கழற்றியவை.

வேலை: கேவிஎம்மில் (லினக்ஸ் கர்னலின் விர்ச்சுவலைசேஷன்) 15 விர்ச்சுவல் மெஷின் வரை. டேட்டாவுக்கு இசட்எஃப்எஸ் (டிஸ்க்குகளைத் தானே சேர்த்து ஆளும் ஃபைல்சிஸ்டம்).

இப்போதைய நிலை: ரெய்டு கார்டில் ஒவ்வொரு டிஸ்க்கையும் தனித்தனி ரெய்டு 0 ஆகப் போட்டால் நான்குக்கு மட்டும் போட முடிகிறது. அர்ரேயிலிருந்து வந்த நான்கும் விர்ச்சுவல் டிஸ்க் போடும் பட்டியலிலேயே வரவில்லை. எக்ஸ்520 எல்எஸ்பிசிஐயில் (பிசிஐ கார்டுகளின் பட்டியல்) தெரிகிறது, ஆனால் ஐபி லிங்க்கில் (நெட்வொர்க் இன்டர்ஃபேஸ் பட்டியல்) எந்த இன்டர்ஃபேஸும் இல்லை. அந்தக் கார்டைச் செருகியதிலிருந்து ஃபேன்கள் சும்மா இருக்கும்போதே முழு வேகத்துக்கு அருகில் ஓடுகின்றன.

கேள்விகள்: இதையெல்லாம் சரிசெய்ய வழி என்ன? டெபியனே சரியா, அல்மாலினக்ஸ் அல்லது ஃப்ரீபிஎஸ்டி மேலா? எட்டு டிஸ்க்கை ரெய்டிசட்2 (இரண்டு டிஸ்க் செத்தாலும் தாங்கும் இசட்எஃப்எஸ் அமைப்பு) போடலாமா, மிரர் ஜோடிகளா (ஜோடியின் இரு டிஸ்க்கிலும் ஒரே நகல்)?

---

வேர்_கணக்கு பதில்:

ஓஎஸ் எது என்பதைக் கடைசியில் பாருங்கள். இந்த வகை சர்வரில் முதலில் தீர்க்க வேண்டியது டிஸ்க் கன்ட்ரோலர். அது எந்த மோடில் இருக்கிறது என்பதை வைத்துத்தான் மற்றதெல்லாம்.

தனித்தனி ரெய்டு 0 போடுவதை விட்டுவிடுங்கள். மேலுக்கு இசட்எஃப்எஸ் ஓடும், ஆனால் அதன் கண்ணுக்குத் தெரிவது கார்டு காட்டும் பொய் டிஸ்க். ஸ்மார்ட் தகவல் (டிஸ்க் தன் உடல்நிலையைச் சொல்வது) நேராக வராது. அதைப் படிக்கும் ஸ்மார்ட்சிடிஎல்லுக்கு மெகாரெய்டு என்றும் டிஸ்க் எண்ணும் சொல்லிச் சுற்றிப் போக வேண்டும். ஒரு டிஸ்க் செத்து புதியது செருகினால், முதலில் கார்டுக்குள் போய் புது விர்ச்சுவல் டிஸ்க் உருவாக்கினால்தான் ஓஎஸ்ஸுக்கே தெரியும். எழுத்து வரிசையும் ஃப்ளஷ்ஷும் கார்டின் கேஷ் கையில் போய்விடுகிறது. கார்டு செத்தால் அதே குடும்பக் கார்டைத் தேடி அலைய வேண்டும்.

எச்730க்கு எச்பிஏ மோட் உண்டு, அதில் ரெய்டு இல்லாமல் டிஸ்க்குகள் நேராக ஓஎஸ்ஸுக்குத் தெரியும். இதற்கு முந்தைய எச்710இல் அது கிடையாது, அந்தக் கார்டில் ஃபர்ம்வேரையே மாற்றி எழுதினால்தான் உண்டு. உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. பூட்டில் எஃப்2, டிவைஸ் செட்டிங்ஸ், ரெய்டு கன்ட்ரோலர், கன்ட்ரோலர் மேனேஜ்மென்ட், அட்வான்ஸ்டு பகுதியில் மேனேஜ் கன்ட்ரோலர் மோட். அங்கே போகும் முன் எல்லா விர்ச்சுவல் டிஸ்க்கையும் நீக்குங்கள், ஹாட் ஸ்பேர் இருந்தால் எடுங்கள், ப்ரிசர்வ்டு கேஷ் (டிஸ்க்குக்கு எழுதாமல் கார்டில் நின்ற டேட்டா) மிச்சம் இருந்தால் அழியுங்கள். இவற்றில் ஒன்று பாக்கி இருந்தாலும் மாற விடாது. மாற்றியதும் ஒருமுறை ரீபூட். டிஸ்க்கில் இருக்கும் டேட்டா போய்விட்டது என்றே கணக்கில் வையுங்கள்.

எச்பிஏ மோடிலும் டிரைவர் மெகாரெய்டு_சாஸ்தான். முழுக்க எளிய கார்டே வேண்டுமென்றால் அதே மினி ஸ்லாட்டில் எச்பிஏ330 உட்காரும். அதற்கு எம்பிடி3சாஸ் டிரைவர், கேஷும் இல்லை, ரெய்டும் இல்லை. இசட்எஃப்எஸ்ஸுக்கு என் ஓட்டு அதற்குத்தான். ஆனால் கையில் எச்730 இருக்கும்போது இதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

அடுத்து அந்த நான்கு டிஸ்க். அர்ரேக்களில் ஒரு செக்டருக்கு 512 பைட்டுக்குப் பதில் 520 அல்லது 528 பைட் வைத்து ஃபார்மேட் செய்திருப்பார்கள். கூடுதல் பைட்டுகளில் அர்ரே தன் செக்சம்மை எழுதிக்கொள்ளும். லினக்ஸ் இதை ஏற்காது. எச்பிஏ மோடுக்கு வந்தபின் டிமெசேஜை (கர்னல் செய்திப் பதிவு) பாருங்கள், "அன்சப்போர்ட்டட் செக்டர் சைஸ் 520" என்ற வரி இருக்கும். எல்எஸ்பிஎல்கேயில் (டிஸ்க் பட்டியல்) அளவு 0 என்று காட்டும். டிஸ்க் பழுதில்லை.

எஸ்ஜி3_யூடில்ஸ், எல்எஸ்ஸ்கசி இரண்டு பேக்கேஜையும் போட்டுக்கொள்ளுங்கள். எல்எஸ்ஸ்கசி-க்கு ஜி ஆப்ஷன் கொடுத்தால் எந்த எஸ்டி (டிஸ்க் பெயர்) எந்த எஸ்ஜி (அதே டிஸ்க்குக்கு நேரடிக் கட்டளை அனுப்பும் பெயர்) என்று பக்கத்தில் பக்கத்தில் காட்டும். சீரியல் எண்ணை ஸ்மார்ட்சிடிஎல்லில் பார்த்து, டிஸ்க் முகப்பில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டபின்தான் கை வையுங்கள். பிறகு எஸ்ஜி_ஃபார்மேட், ஆப்ஷன்கள் ஃபார்மேட், சைஸ் 512, கடைசியில் அந்த எஸ்ஜி டிவைஸ். ஒரு டிஸ்க்குக்குச் சில மணி நேரம் ஆகும். நான்கையும் ஒரே நேரத்தில் ஓட விடலாம், வேலையைச் செய்வது டிஸ்க்கே தவிர சிபியு இல்லை. டிமக்ஸுக்குள் ஓட்டுங்கள், எஸ்எஸ்எச் அறுந்தாலும் திரை போகாது. நடுவில் பவர் போகக்கூடாது. இரண்டு பிஎஸ்யூவும் வேறு வேறு லைனில் இருப்பதை உறுதி செய்துவிட்டு ஆரம்பியுங்கள்.

ஃபார்மேட் முடிந்தபின் ஸ்மார்ட்சிடிஎல் எக்ஸ் ஆப்ஷனில் இரண்டு இடம் பாருங்கள். ஒன்று, "க்ரோன் டிஃபெக்ட் லிஸ்ட்" (பயன்பாட்டில் பழுதான இடங்கள்) எண்ணிக்கை: 0 நல்லது, ஒற்றை இலக்கத்தில் இருந்து ஏறாமல் நின்றால் வைத்துக்கொள்ளலாம், ஒவ்வொரு நாளும் ஏறினால் அந்த டிஸ்க் வேண்டாம். இன்னொன்று, "டைப் 2 ப்ரொடெக்ஷன்" (செக்டரோடு கூடுதல் சோதனைக் குறிப்பு வைக்கும் முறை) என்ற வரி. அது இருந்தால் செக்டர் 512 ஆனபிறகும் ரீட் எரர் வரிசையாக வரலாம். அப்போது அதே கட்டளையில் எஃப்எம்டிபிஇன்ஃபோ 0 என்பதையும் சேர்த்து மறுபடி ஃபார்மேட்.

உங்களிடம் முன்பே இருந்த மற்ற நான்கு டிஸ்க்கிலும் ஒரு வேலை உண்டு. ரெய்டு கார்டு டிஸ்க்கின் கடைசியில் தன் டிடிஎஃப் குறிப்பை (ரெய்டு அமைப்பின் விவரம்) எழுதி வைத்திருக்கும். எச்பிஏ மோடில் எம்டிஅட்மின் (லினக்ஸின் சாஃப்ட்வேர் ரெய்டான எம்டியின் கருவி) அதைப் பார்த்து எம்டி127 என்று ஒரு அர்ரேயைத் தானே எழுப்பிவிடும். இசட்பூல் (இசட்எஃப்எஸ்ஸின் டிஸ்க் தொகுதி) உருவாக்கப் போனால் "டிவைஸ் பிஸி" என்று நிற்கும். அந்த எம்டியை நிறுத்திவிட்டு பழைய குறிப்புகளை அழிக்கும் வைப்எஃப்எஸ்ஸை ஏ ஆப்ஷனோடு ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஓட்டினால் தீர்ந்தது.

---

ஒளிநூல் பதில்:

நெட்வொர்க் கார்டு பக்கம் நான் சொல்கிறேன். டிமெசேஜில் ஐஎக்ஸ்ஜிபிஇ (எக்ஸ்520இன் டிரைவர்) என்று தேடினால் "அன்சப்போர்ட்டட் எஸ்எஃப்பி+" என்ற வரி நிச்சயம் கிடைக்கும். எக்ஸ்520இன் டிரைவர் தனக்குத் தெரியாத ஆப்டிகல் மாட்யூலைக் கண்டால் போர்ட்டை டவுன் செய்வதோடு நிற்பதில்லை, இன்டர்ஃபேஸையே உருவாக்காமல் விலகிவிடும். அதனால்தான் எல்எஸ்பிசிஐயில் இருந்தும் ஐபி லிங்க்கில் இல்லை.

முதல் சோதனை: மாட்யூலைக் கழற்றிவிட்டு டிரைவரை இறக்கி ஏற்றுங்கள். இன்டர்ஃபேஸ் வந்தால் கார்டு நலம், குற்றம் மாட்யூலில். ஸ்விட்ச் பக்கத்தில் இருந்தால் பாசிவ் டிஏசி கேபிள் (இரு முனையிலும் மாட்யூல் சேர்ந்தே வரும் செப்புக் கேபிள்) போடுவதே சுலபம், அதை இந்த டிரைவர் மறுப்பதில்லை.

ஆப்டிகல்தான் வேண்டுமென்றால் மோட்ப்ரோப்.டி அடைவில் ஒரு கோப்பு வைத்து, ஐஎக்ஸ்ஜிபிஇக்கு அலவ்_அன்சப்போர்ட்டட்_எஸ்எஃப்பி மதிப்பு 1 என்று ஆப்ஷன்ஸ் வரி எழுதுங்கள். இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. இணையத்தில் பல இடங்களில் போர்ட்டுக்கு ஒன்றாக "1,1" என்று எழுதியிருக்கும். அது இன்டெல் தனியாகத் தரும் டிரைவருக்கு உரியது. கர்னலோடு வரும் டிரைவர் ஒரே மதிப்பைத்தான் வாங்கும். கமா போட்டால் மாட்யூல் ஏறவே ஏறாது, இருந்ததும் போய்விடும். எழுதியபின் இனிட்ராம்எஃப்எஸ்ஸை (பூட்டின் தொடக்கத்தில் ஏறும் சிறு கோப்புத் தொகுப்பு) புதுப்பிக்க மறக்காதீர்கள். டிரைவர் பெரும்பாலும் அங்கிருந்தே ஏறிவிடுவதால், புதிய வரியைப் படிக்காமல் போய்விடும்.

ஃபேன்: ஆர்730 தனக்குத் தெரியாத பிசிஐ கார்டைப் பார்த்தால், அது எவ்வளவு சூடாகும் என்று அளக்க வழியில்லாததால் காற்றைக் கூட்டி வைக்கிறது. ஐடிராக்குக்கு (டெல் சர்வரின் தொலைநிலை மேலாண்மைச் சிப்) எஸ்எஸ்எச் செய்து அதன் ரேகாட்ம் கட்டளையில் சிஸ்டம், தெர்மல்செட்டிங்ஸ், தர்ட்பார்ட்டிபிசிஐஃபேன்ரெஸ்பான்ஸ் என்ற மதிப்பை 0 ஆக்குங்கள். ஃபேன் உடனே இறங்கும். ஆனால் எக்ஸ்520க்கு ஹீட்சிங்க் மட்டும்தான், தனி ஃபேன் இல்லை. காலியாக உள்ள ஸ்லாட்டுகளின் தகட்டு மூடியும் டிஸ்க் பேயின் வெற்று மூடியும் இடத்தில் இருக்க வேண்டும். மேல் மூடியின் கீழ் வரும் கறுப்புப் பிளாஸ்டிக் காற்றுத் தடத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டாதீர்கள். இவை இல்லையென்றால் காற்று கார்டின் மேல் போகாமல் திறந்த வழியில் போய்விடும்.

---

நெய்தல்_நிலம் பதில்:

ஓஎஸ் கேள்விக்கு. வி4 சிபியு உள்ளதால் மூன்றுமே ஓடும், ஆனால் இதே உரையாடலைப் பின்னால் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: ரெட் ஹாட் குடும்பத்தில் (அல்மாலினக்ஸ் இதில்தான்) பதிப்பு ஏற ஏறப் பழைய ஹார்டுவேரை வெட்டிக்கொண்டே போகிறார்கள். 2019இல் வந்த 8ஆம் பதிப்பில் பெர்க் எச்310, எச்700 தலைமுறைக் கார்டுகளின் ஆதரவை டிரைவரிலிருந்தே எடுத்துவிட்டார்கள்; இன்ஸ்டாலர் டிஸ்க்கே இல்லை என்று சொல்லும். இஎல்ரெப்போ என்ற வெளிச் சேமிப்பகத்தின் டிரைவர் டிஸ்க்கை இன்ஸ்டால் சமயத்தில் ஏற்றினால் வரும். அல்மாலினக்ஸ் 9.4இல் இப்படி வெட்டப்பட்ட பல கார்டுகளைத் திரும்பச் சேர்த்தார்கள். 2025இல் வந்த 10ஆம் பதிப்புக்கு ஏவிஎக்ஸ்2 கட்டளைகள் உள்ள சிபியு வேண்டும், அதாவது இ5-2600 வரிசையில் வி3 முதல். வி2 வைத்திருப்பவர்கள் 10 வேண்டுமென்றால் அல்மா தனியாகத் தரும் பழைய சிபியு பில்டைத்தான் போட வேண்டும்.

டெபியனில் முன்பு ஃபர்ம்வேர் தனியாகத் தேட வேண்டியிருந்தது. பிராட்காம் 10ஜி கார்டுகள் அதில்லாமல் எழும்பாது. 12ஆம் பதிப்பிலிருந்து இன்ஸ்டாலருக்குள்ளேயே இருக்கிறது.

ஃப்ரீபிஎஸ்டி இசட்எஃப்எஸ்ஸுக்கு அருமை, கர்னலோடு ஒன்றாகவே வருகிறது, டிகேஎம்எஸ் (கர்னல் மாறும்போதெல்லாம் மாட்யூலைப் புதிதாகக் கட்டும் முறை) கவலை இல்லை. ஸ்டோரேஜ் மட்டும் என்றால் அதைத்தான் சொல்லியிருப்பேன். எச்730 போன்ற கார்டுக்கு அங்கே எம்எஃப்ஐ, எம்ஆர்சாஸ் என இரண்டு டிரைவர்கள். லோடர் கான்ஃபில் எம்எஃப்ஐயின் எம்ஆர்சாஸ்_எனேபிள் மதிப்பை 1 ஆக்கினால்தான் டிஸ்க்குகள் டிஏ0, டிஏ1 என்று கேம்கன்ட்ரோலில் தெரியும் வகையில் வரும். இதைப் பூல் உருவாக்கும் முன்பே செய்துவிடுங்கள். உங்களுக்குக் கேவிஎம் வேண்டும், ஆகவே டெபியன்.

டெபியனில் இசட்எஃப்எஸ் கான்ட்ரிப் பகுதியிலிருந்து டிகேஎம்எஸ்ஸாக வரும். கர்னல் ஹெடர் மெட்டா பேக்கேஜ் கட்டாயம் இருக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த கர்னல் அப்டேட்டில் மாட்யூல் கட்டப்படாது, ரீபூட்டுக்குப் பின் பூல் இருக்காது. பேக்போர்ட்ஸ் (புதிய பதிப்புகள் தனியாக வரும் பகுதி) கர்னலை மட்டும் ஏற்றி இசட்எஃப்எஸ்ஸைப் பழையதிலேயே விட்டாலும் இதே கதி. ரீபூட்டுக்கு முன் டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸில் புதிய கர்னல் எண்ணுக்கு நேரே "இன்ஸ்டால்டு" இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். இந்தக் காரணத்துக்காகவே ரூட்டை இசட்எஃப்எஸ்ஸில் வைக்கச் சொல்ல மாட்டேன். இரண்டு எஸ்எஸ்டியில் எம்டி ரெய்டு 1, மேலே எக்ஸ்ட்4. மாட்யூல் ஏறாவிட்டாலும் மெஷின் எழுந்து எஸ்எஸ்எச் கொடுக்கும். செக்யூர் பூட் ஆன் செய்திருந்தால் டிகேஎம்எஸ்ஸின் சாவியை மோக்யூடில் மூலம் பதிய வேண்டும். அதை உறுதி செய்யும் நீலத் திரை அடுத்த பூட்டில் கன்சோலில்தான் வரும், எஸ்எஸ்எச்சில் வராது.

---

வேர்_கணக்கு பதில்:

ரெய்டிசட்2வா மிரரா என்பதற்குக் கணக்கே பதில் சொல்லும். ஏஷிஃப்ட் 12 என்றால் இசட்எஃப்எஸ் எழுதும் மிகச் சிறிய அலகு 4 கேபி. விஎம் டிஸ்க்கை 8 கேபி வால்பிளாக்சைஸில் (விஎம் டிஸ்க்கின் பிளாக் அளவு) வைத்தால் ஒரு பிளாக்குக்கு 2 டேட்டா செக்டர், 2 பாரிட்டி (டிஸ்க் செத்தால் மீட்க உதவும் டேட்டா), ஆக 4. ரெய்டிசட்2 எப்போதும் 3இன் மடங்காக இடம் ஒதுக்கும், ஆகவே 6 செக்டர். 8 கேபி டேட்டா 24 கேபியைத் தின்கிறது. மும்மடங்கு! 16 கேபி வைத்தால் 4 டேட்டா, 2 பாரிட்டி, அதே 24 கேபியில் அடங்கிவிடும். ஓப்பன்இசட்எஃப்எஸ் 2.2 முதல் இயல்பான மதிப்பே 16 கேபி ஆனது இதற்குப் பொருந்தி வருகிறது. பழைய வழிகாட்டிகளைப் பார்த்து 8 என்று கையால் எழுதாதீர்கள்.

இடம் போனாலும் போகட்டும், 15 விஎம்முக்கு நான் நான்கு மிரர் ஜோடிதான் போடுவேன். சுழலும் டிஸ்க்கில் ஒரு ரெய்டிசட்2 தொகுதி சின்னச் சின்ன ரேண்டம் எழுத்துக்கு ஏறக்குறைய ஒரு டிஸ்க்கின் வேகமே தரும். நான்கு ஜோடி என்றால் நான்கு டிஸ்க்கின் வேகம். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று உங்கள் பழைய டிஸ்க், ஒன்று அர்ரேயிலிருந்து வந்தது என்று சேருங்கள். ஒரே தொகுதி டிஸ்க்குகள் அடுத்தடுத்துப் போனாலும் ஜோடி முழுதாகச் சாகாது.

டிஸ்க்குகளை எஸ்டிஏ, எஸ்டிபி என்று கொடுக்காமல் பை-ஐடி அடைவின் டபிள்யூடபிள்யூஎன் (டிஸ்க்கின் மாறாத எண்) பெயரில் கொடுங்கள். டிஸ்க் 512 என்றாலும் ஏஷிஃப்ட் 12தான். பின்னால் 4 கேபி டிஸ்க்கை மாற்றிப் போட அது தேவை, பூலில் சேர்த்தபின் மாற்ற முடியாது. ஏஆர்சி (இசட்எஃப்எஸ்ஸின் மெமரி கேஷ்) உச்சவரம்பை 32 ஜிபிக்கு நிறுத்தினால், அதாவது இசட்எஃப்எஸ்_ஏஆர்சி_மேக்ஸ் 34359738368, விஎம்களுக்கு 90 ஜிபி நிம்மதியாகக் கிடைக்கும்.

மெமரி ஒரு பார்வை: எட்டு டிம்மும் ஏ1 முதல் ஏ4, பி1 முதல் பி4, வெள்ளைத் தாழ்ப்பாள் உள்ள ஸ்லாட்டுகளில் இருக்க வேண்டும். நியூமாசிடிஎல் எச் ஆப்ஷனில் இரு நோடிலும் சுமார் 64 ஜிபி காட்டினால் சரி. ராஸ்டெமனையும் போட்டு வையுங்கள், எந்த டிம்மில் இசிசி திருத்தம் கூடுகிறது என்று ஸ்லாட் வரை சொல்லும்.

---

ரேக்_42 எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. எச்பிஏ மோடுக்கு மாறியாயிற்று, 520 என்ற வரி நான்குக்கும் அப்படியே வந்தது. மூன்று டிஸ்க் ஃபார்மேட் முடிந்து 512 காட்டுகின்றன. நான்காவது 60 சதவீதத்தில் இருக்கும்போது டிஸ்க் தட்டு தவறுதலாக வெளியே இழுக்கப்பட்டுவிட்டது. இப்போது அளவு சரியாகக் காட்டினாலும் எதைப் படித்தாலும் மீடியம் எரர். போய்விட்டதா?

10ஜி வந்துவிட்டது, ஒரே 1 போட்டதும். ஃபேனும் இறங்கிவிட்டது. இன்னொன்று: எம்டி ரெய்டு 1இல் இஎஃப்ஐ பகுதியை (பூட் கோப்புகள் இருக்கும் இடம்) எப்படி வைப்பது? சீரியல் கன்சோலும் ஐடிராக் வழியாக வேண்டும்.

---

நெய்தல்_நிலம் பதில்:

டிஸ்க் போகவில்லை. டிமெசேஜில் "மீடியம் ஃபார்மேட் கரப்டட்" என்று இருக்கிறதா பாருங்கள். ஃபார்மேட் பாதியில் நின்றதை டிஸ்க் நினைவில் வைத்து எதையும் படிக்க விடாமல் தடுக்கிறது. அதே கட்டளையை முதலிலிருந்து முழுதாக ஓட விட்டால் தடை நீங்கும். இந்த முறை முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றி, அரை நிமிடம் விட்டுச் செருகுங்கள்.

இஎஃப்ஐ பகுதியை எம்டிக்குள் வைக்காமல், ஒவ்வொரு எஸ்எஸ்டியிலும் 512 எம்பி தனித்தனியாக ஃபேட்32. ஒன்று பூட்/இஎஃப்ஐ, மற்றது பூட்/இஎஃப்ஐ2. க்ரப் புதுப்பிக்கும்போதெல்லாம் முதலாவதை ஆர்சிங்க்கில் இரண்டாவதுக்கு நகல் எடுங்கள். இஎஃப்ஐபூட்எம்ஜிஆரில் இரண்டாம் எஸ்எஸ்டிக்கும் ஒரு பூட் வரி சேர்க்க வேண்டும். எஃப்ஸ்டேபில் (மவுண்ட் பட்டியல்) இரண்டுக்கும் நோஃபெயில் எழுதுங்கள். இதை விட்டுவிட்டு ஒரு எஸ்எஸ்டி செத்தால், ரெய்டு 1 நலமாக இருந்தும் சிஸ்டம்டி அந்த மவுண்டுக்காக 90 வினாடி காத்துவிட்டு எமர்ஜென்சி மோடில் நின்றுவிடும். டிபிகேஜி-ரீகான்ஃபிகரில் க்ரப் இஎஃப்ஐ பேக்கேஜைத் திறந்து, ரிமூவபிள் மீடியா பாதையிலும் நிறுவவா என்ற கேள்விக்கு ஆம் சொல்லுங்கள்; மதர்போர்டு மாற்றி பூட் வரிகள் அழிந்தாலும் மெஷின் எழும். கடைசியில் ஒரு எஸ்எஸ்டியைக் கழற்றிவிட்டு ஒருமுறை பூட் செய்து பாருங்கள், பிறகு மற்றதை.

சீரியலுக்கு பயாஸில் சீரியல் கம்யூனிகேஷனை காம்2 வழி கன்சோல் ரீடைரக்ஷன் என்று வைத்து, வேகம் 115200. "ரீடைரக்ஷன் ஆஃப்டர் பூட்" என்பதை ஆஃப் செய்யுங்கள், இல்லையென்றால் க்ரப் மெனுவில் ஒவ்வொரு எழுத்தும் இரண்டு முறை வரும். கர்னல் வரியில் கன்சோல் டிடிஒய்0 முதலில், கன்சோல் டிடிஒய்எஸ்1 வேகத்தோடு அடுத்து. வரிசை முக்கியம், கடைசியில் எழுதியதுதான் முதன்மைக் கன்சோல். க்ரப்புக்கு டெர்மினல் "கன்சோல் சீரியல்", சீரியல் யூனிட் 1. லாகின் கேட்கும் கெட்டி நிரலை சிஸ்டம்டி தானே எழுப்பும். ஐபிஎம்ஐடூலில் லேன்பிளஸ், சோல் (நெட்வொர்க் வழி சீரியல்) ஆக்டிவேட். வெளியே வர அலைக்குறியும் புள்ளியும்.

அந்த ஐடிராக் போர்ட்டைத் தனி விலேனில் வையுங்கள். ஐபிஎம்ஐ 2.0இன் (ஐடிராக் பேசும் மேலாண்மை நெறிமுறை) லாகின் முறையிலேயே, கடவுச்சொல் தெரியாதவருக்கும் அதன் ஹேஷ் கிடைத்துவிடும். பேட்ச் போட்டுத் தீர்க்கும் விஷயமில்லை. தொழிற்சாலையிலிருந்து வந்த ரூட் கடவுச்சொல் இன்னும் மாறாமல் இருந்தால் இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.